அந்த நீதிபதிக் கதையை நான் ஏன் நிறுத்தினேன்

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிலுவையைப் பற்றிச் சொல்ல வரும்போதெல்லாம், பல வருஷமாக நான் ஒரே கதையைத்தான் சொல்லிவந்தேன். ஒரு நீதிபதி. அவர் முன்னால் குற்றவாளியாக வந்து நிற்பது அவருடைய பால்ய நண்பன். நீதிபதி நேர்மையானவர், அதனால் நண்பன் என்று பார்க்காமல் முழு அபராதத்தையும் விதிக்கிறார். அப்புறம் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, தன் பணத்தை எடுத்து அந்த அபராதத்தைத் தானே கட்டிவிடுகிறார். நீதியும் நின்றது, அன்பும் நின்றது, சிலுவையில் நடந்தது இதுதான் பிள்ளைகளே என்று முடிப்பேன். எனக்கு யாரோ சொன்ன கதை, அவருக்கு வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஒரு வருஷம், பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறு, பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தலையாட்டவில்லை.

“அக்கா, அபராதம்னா காசு. அதை யார் வேணும்னாலும் கட்டலாம். தூக்குத் தண்டனைன்னா? குத்தம் செஞ்சவனை விட்டுட்டு வேற ஒருத்தரைத் தூக்குல போட்டா அந்த நீதிபதி நல்லவரா?” இயேசுவை யாரும் பிடித்து இழுத்து வரவில்லை, அவராகவே முன்வந்தார் என்றேன். “அவர் வந்தது சரிக்கா. அவர் வந்தா நீதிபதி ஒத்துக்கலாமா?” என்றாள். கொஞ்சமும் துடுக்கு இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் நேரமாகிவிட்டது என்று சொல்லி ஜெபம் பண்ணி வகுப்பை முடித்தேன். ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்து பார்த்தேன், அவளும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள்.

விசுவாசத்தை விட்டுப் போன ஒருத்தியின் கதை அல்ல இது. நான் போகவில்லை, போக நினைத்ததும் இல்லை. அதனால்தான் அந்தக் கேள்வி அத்தனை வலித்தது. “எனக்காக மரித்தார்” என்று எத்தனையோ தரம் அழுது பாடியிருக்கிறேன். அந்த “எனக்காக” என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு சிறுபெண் கேட்டபோது என் கையில் ஒரு கதைதான் இருந்தது, அதுவும் அவள் தொட்டதும் உடைந்துபோகிற கதை. பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இதே கேள்வியை ஏறக்குறைய இதே வடிவில் ஃபாஸ்டஸ் சொசினஸ் என்ற இத்தாலியர் 1594-இல் அச்சான தன் நூலில் கேட்டிருக்கிறார்: பணக் கடனை ஒருவருக்காக இன்னொருவர் தீர்க்கலாம், மரண தண்டனையைக் கைமாற்ற முடியாது. அவருக்கும் முன்னால், 12-ஆம் நூற்றாண்டில், பிரான்சில் பீட்டர் அபெலார்ட் என்ற இறையியலாளர், ஒரு குற்றமற்றவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடுமை என்று ரோமர் நிருபத்துக்கு விளக்கம் எழுதும்போது வாய்விட்டே கேட்டிருக்கிறார். சொசினஸ் திரித்துவத்தை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை, மறுத்தவர், எனவே அவரை ஒதுக்கிவிடுவது எங்களுக்கு எளிது. கேள்வியை ஒதுக்க முடியவில்லை. அவர் திரித்துவத்தை மறுத்தவர் என்பதை மட்டும் இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அது தேவைப்படும்.

பொன்னில் செய்யாத சிலுவை

முதலில் நான் செய்தது, விளக்கங்களை எல்லாம் விட்டுவிட்டு, சிலுவை என்றால் அந்தக் காலத்தில் என்ன என்று பார்க்கப் போனதுதான். நாம் அதைப் பொன்னில் செய்து கழுத்தில் போட்டுப் போட்டு அதன் நாற்றம் போய்விட்டது. ரோமர்கள் அதை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்தார்கள். ஸ்பார்டகஸின் அடிமைக் கலகம் கி.மு. 71-இல் அடக்கப்பட்டபோது பிடிபட்ட 6,000 பேரை கப்புவாவிலிருந்து ரோம் வரை அப்பியா நெடுஞ்சாலை ஓரமாகவே அறைந்து நிறுத்தினார்கள், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க வேண்டும் என்று. கி.பி. 70-இல் எருசலேம் முற்றுகையின்போது சிலுவைகளை நட இடமும் இல்லை, உடல்களுக்குப் போதுமான சிலுவையும் இல்லை என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதி வைத்திருக்கிறார். 1968-இல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறையில் கிடைத்த எலும்புப் பெட்டி ஒன்றில் யெஹோஹனான் என்பவரின் குதிகால் எலும்பு இருந்தது. சுமார் 11 செ.மீ. நீள ஆணி இன்னும் அதற்குள்ளேயே. நுனி வளைந்திருந்ததால் அதைப் பிடுங்க முடியாமல் அப்படியே அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். அந்த எலும்பின் படத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் என் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தேன். பக்திக் குறைவால் அல்ல, அதற்குமேல் அதை நகையாகப் பார்க்க முடியவில்லை.

ரோமில் பலத்தீன் குன்றில் ஒரு சுவர்க் கிறுக்கல் கிடைத்திருக்கிறது. கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான், கீழே ஒருவன் கையை உயர்த்தி வணங்குகிறான், பக்கத்தில் கிரேக்கத்தில் “அலெக்சமெனோஸ் தன் கடவுளைத் தொழுகிறான்” என்று எழுதியிருக்கிறது. கேலிக்காக வரைந்தது. நமக்குக் கிடைத்திருக்கிற சிலுவைக் காட்சிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று இந்தக் கேலிதான். கிறிஸ்தவர்களோ பல தலைமுறைகளுக்கு அந்தக் காட்சியை வெளிப்படையாக வரையவே தயங்கினார்கள்; ரோமிலுள்ள சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவில் அது செதுக்கப்பட்டது 430-ஐ ஒட்டித்தான். அப்போஸ்தலர் பவுல் இதைத்தானே சொல்கிறார், யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று. உபாகமத்தில் மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்று எழுதியிருக்கிறது, அதை மறைக்காமல் கலாத்தியருக்கு எழுதும்போது அவரே எடுத்து வைக்கிறார். அந்த முதல் தலைமுறைக்கு முதல் கேள்வி, கணக்கு எப்படிச் சரிக்கட்டப்பட்டது என்பதல்ல. அம்மணமாக, ஊர் எள்ளி நகையாட, கடவுளே கைவிட்டார் என்று எல்லோரும் நினைக்கும்படி செத்துப்போன ஒரு மனிதரை எப்படி ஆண்டவர் என்று சொல்வது என்பதே கேள்வி. அதற்குப் பதில் தேடும்போதுதான் மற்ற எல்லா வார்த்தைகளும் வந்தன: மீட்பு, பலி, ஒப்புரவு, ஜெயம்.

கணக்கு எழுத வந்தவர்கள்

ஒரு விஷயம் எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சியாக இருந்தது. இயேசு யார் என்பதைப் பற்றிச் சபை பெரிய ஆலோசனைச் சங்கங்களைக் கூட்டி, எழுத்தெழுத்தாகச் சண்டை போட்டு, வரையறுத்து வைத்தது. சிலுவை எப்படி நம்மை இரட்சிக்கிறது என்பதைப் பற்றி அப்படி எந்தப் பொதுச் சங்கமும் ஒரே விளக்கத்தை வரையறுக்கவில்லை. 381-இல் உருவான விசுவாசப் பிரமாணம், நமக்காகப் பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் அறையப்பட்டார் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. நமக்காக. அவ்வளவுதான். ஒரு ரோம அதிகாரியின் பெயர் இருக்கிறது, விளக்கம் இல்லை.

விளக்கம் சொல்ல வந்தவர்கள் அவரவர் காலத்தில் கண்ணெதிரே இருந்ததை எடுத்துச் சொன்னார்கள். அடிமைகளையும் போர்க் கைதிகளையும் பணம் கொடுத்து மீட்ட உலகத்தில், மாற்கு நற்செய்தியின் “மீட்கும்பொருள்” என்ற சொல்லைப் பிடித்து, விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது, பிசாசுக்கா என்று ஆதிச் சபை ஆசிரியரான ஓரிகன் போன்றவர்கள் யோசித்தார்கள். ஆயர் நாசியான்சின் கிரகோரி, திருடனுக்கு விலையா என்று கொதித்துப்போய் அதை மறுத்தார், பிதாவுக்கும் அது விலையாகக் கொடுக்கப்பட்டதல்ல என்றார். பிரபுக்களின் கௌரவமே சமுதாயத்தைத் தாங்கிய காலத்தில் பேராயர் ஆன்செல்ம் 1098 வாக்கில், கடவுளுக்குச் செலுத்தப்படாமல் போன மரியாதையை ஈடுசெய்வது என்று விளக்கினார். ஒன்று கவனியுங்கள், ஆன்செல்முக்கு ஈடு வேறு, தண்டனை வேறு. ஈடு கொடுத்துவிட்டால் தண்டனை வேண்டியதில்லை என்பதுதான் அவருடைய வாதம். இயேசு நம் தண்டனையை வாங்கிக்கொண்டார் என்ற நீதிமன்றப் படம் முழு உருவம் எடுத்தது 16-ஆம் நூற்றாண்டில், சட்டம் படித்த சபைச் சீர்திருத்தவாதி கால்வினின் கையிலும் அவருக்குப் பின் வந்தவர்கள் கையிலும். கால்வினை நான் குறை சொல்லவில்லை. நான் சொல்லிவந்த நீதிபதிக் கதையைவிட அவர் எவ்வளவோ ஆழமானவர். இன்று பிரசங்கங்களில் புழங்குகிற எளிய வடிவத்தில்தான் படம் கோணலாகிவிடுகிறது. அதில் மூன்று பேர் இருக்கிறார்கள்: கோபமாக ஒருவர், குற்றவாளியாக ஒருவர், நடுவில் வந்து அடி வாங்குகிற மூன்றாமவர் ஒருவர். பிள்ளைகள் அந்த மூன்றாமவரை நேசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். முதலாமவரைக் கண்டு பயப்படவும் கற்றுக்கொள்கிறார்கள். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

சொத்தில் தன் பங்கை வாங்கிப் போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த மகனின் கதையை, அந்தக் கெட்ட குமாரன் உவமையையும் அதே பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதில் தகப்பன் யாரையும் அடிக்கவில்லை. மகன் மனப்பாடம் பண்ணி வந்த மன்னிப்பு வசனத்தை முடிக்கக்கூட விடவில்லை. இரண்டு கதையும் ஒரே பிதாவைப் பற்றியது என்று ஒரே வகுப்பில், ஒரே வாயால் சொல்லியிருக்கிறேன்.

என் அண்ணன்

இதெல்லாம் படித்து மாதக்கணக்காக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தும் ஒன்றும் அசையவில்லை. அசைந்தது வேறொரு இடத்தில். அதை எழுதலாமா என்று யோசித்து, அண்ணனிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

நான் ஒரு தோழியோடு சேர்ந்து தொழில் தொடங்கியபோது வாங்கிய கடனுக்கு அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போட்டான். தொழில் நொடித்தது. நொடித்ததைவிட மோசம், நான் அதை அவனிடமிருந்து எட்டு மாதம் மறைத்தேன். கடிதங்கள் வந்தன, ஒளித்து வைத்தேன். எப்படிப் போகுது என்று கேட்கும்போதெல்லாம் நல்லாப் போகுது என்றேன். கடைசியில் ஒரு நாள் அவனுக்கே நோட்டீஸ் போனது. அவன் கட்டினான். ஐந்து வருஷம் கட்டினான். அந்தப் பணத்தைப் பின்னால் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது இங்கே பேச்சல்ல. பணம் ஜாமீன்தாரர் கட்டக்கூடியது, அந்தப் பெண் சொன்னது போல யார் வேண்டுமானாலும் கட்டலாம். அந்த எட்டு மாதப் பொய் இருக்கிறதே, அதை யார் கட்டுவது?

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது, ஏனென்றால் திட்டு வாங்கினால் ஏதோ ஈடு கொடுத்தது போல இருக்கும். அவன் திட்டவில்லை. கோபம் இல்லாமல் இல்லை. அண்ணி பிறகு ஒரு நாள் சொன்னார்கள்: “அந்த ரெண்டு மாசம் உங்க அண்ணன் ராத்திரி தூங்கலம்மா. ஹால்ல நடந்துக்கிட்டே இருப்பாரு. ஒரு நாள் பிள்ளை எதையோ உடைச்சிட்டான், கையை ஓங்கிட்டாரு. அப்புறம் அப்படியே கையை இறக்கிட்டு, இது இவன் மேல உள்ள கோபம் இல்லன்னு சொல்லிட்டு வெளியே போயிட்டாரு.”

அண்ணி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் சில்லென்றது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த கதையின்படி, அண்ணன் அந்தக் கையை இறக்கியிருக்கவே கூடாது. தன் மகனை அடித்து, அதில் கோபம் தணிந்து, பிறகு என்னிடம் வந்து இனி உன்மேல் கோபம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படி ஒருவன் செய்தால் அவனிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? என் அண்ணன் செய்தது வேறு. கோபத்தை என்மேலும் இறக்கவில்லை, மகன்மேலும் இறக்கவில்லை. தனக்குள்ளே வைத்துக்கொண்டு, அது தீரும் வரை ராத்திரியெல்லாம் நடந்தான். அந்த நடை யாருக்கும் கட்டிய விலை அல்ல, யாரும் அதைக் கேட்டு வாங்கவும் இல்லை. ஆனால் அது இல்லாமல் நான் இன்று அவன் வீட்டுக்குள் நுழைய முடியாது. மன்னிப்பு சும்மா வருவதில்லை என்று எபிரெயர் நிருபத்தில் இரத்தத்தைப் பற்றிப் படித்தபோதெல்லாம் எனக்குப் பலிபீடத்தின் பக்கம் நிற்கிற ஒரு கணக்குப்பிள்ளைதான் தெரிந்தார். இப்போது ஹாலில் நடக்கிற ஒருவன் தெரிகிறான். கெட்ட குமாரனின் தகப்பனும் அப்படித்தானே, ஏற்கெனவே சொத்தில் ஒரு பங்கும் போய், ஊரில் மானமும் போய், அதற்கு மேல் மகனைப் பார்த்ததும் ஓடி வேறு போகிறார். யாரும் எதுவும் கொடுக்காமல் அங்கே மன்னிப்பு நடந்துவிட்டது என்று நான்தான் தப்பாகப் படித்திருக்கிறேன். தகப்பன் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் சொசினஸுக்கு எங்கே பதில் இருக்கிறது என்று புரிந்தது. இயேசு ஒரு மூன்றாம் ஆளாக இருந்தால் சொசினஸுடைய கேள்வி நியாயம், அந்தப் பெண்ணுடைய கேள்வியும் நியாயம். அந்த நீதிபதி நல்லவர் அல்ல. திரித்துவத்தை மறுத்தவருக்கு அங்கே மூன்றாம் ஆள்தான் தெரிவார். எனக்கு வேதனை என்னவென்றால், திரித்துவத்தை ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடுகிற நானும் மூன்றாம் ஆளைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். பவுல் இரண்டாம் கொரிந்தியரில் சொல்வது, தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தாரைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்பது. பிதாவை யாரோ சமாதானப்படுத்தினார்கள் என்று அங்கே இல்லை. திரும்ப வேண்டியது நாம்தான். காயப்பட்டவரே அந்தக் காயத்தைச் சுமந்துகொண்டு நம்மைத் தேடி வருகிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போ, உன் சிலுவையைச் சுமந்துகொள் என்று பெண்களிடம் சொல்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டு எனக்கு இரத்தம் கொதித்திருக்கிறது. சிலுவையை நட்டது ரோமப் பேரரசு. அது ஒரு கொலை, அநியாயத் தீர்ப்பு, நற்செய்தி நூல்கள் ஒன்றுகூட அதை நியாயம் என்று சொல்லவில்லை. இயேசு அதைச் சுமந்தார் என்பதால் அடுத்தவர் தோளில் அதை ஏற்றிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. மூன்றாம் நாள் கல்லறையைத் திறந்தபோது கடவுள் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார் என்றுதான் நான் விசுவாசிக்கிறேன்.

ஏன் என்னைக் கைவிட்டீர்

அண்ணனின் கதை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. கடவுளே அங்கே இருந்தார் என்றால், என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கத்தியது யாரிடம்? மாற்கு அந்தக் கூக்குரலை அரமேயு மொழியிலேயே விட்டு வைத்திருக்கிறார், எலோயீ, எலோயீ, லாமா சபக்தானி. கேட்டவர்களின் காதில் அப்படியே நின்றுபோன சத்தம். பக்கத்தில் நின்றவர்களுக்கு அதுகூடச் சரியாகக் கேட்கவில்லை, எலியாவைக் கூப்பிடுகிறான் என்றார்கள். லூக்காவிலும் யோவானிலும் இந்த வார்த்தை இல்லை. இது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது, எனவே அவர் முழுச் சங்கீதத்தையும் மனதில் வைத்துச் சொன்னார் என்று விளக்குவார்கள். இருக்கலாம். அந்த விளக்கத்தை அவசரமாக எடுத்து வைக்கிறவர்களிடம் எனக்கு மனம் ஒட்டவில்லை, செத்துக்கொண்டிருக்கிறவரின் அழுகையைத் துண்டு போட்டு மூடுவது போல இருக்கிறது.

ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் 1945-இல் போர்க் கைதியாகப் பிடிபட்டவர். ஸ்காட்லாந்து முகாமில் ஒரு படைக் குருவானவர் கொடுத்த வேதாகமத்தில் மாற்குவின் இந்த வரியைப் படித்தபோது, என்னைப் புரிந்துகொள்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று உணர்ந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1512-க்கும் 1516-க்கும் இடையில் மத்தியாஸ் குருனேவால்ட் ஐசன்ஹைம் மடத்துக்குத் தீட்டிய சிலுவைக் காட்சியில் இயேசுவின் தோலெல்லாம் புண். அந்த மடம் அந்தோனியார் அக்கினி என்ற, உடம்பைப் புண்ணாக்குகிற கொடிய நோய்க்காரர்களைப் பராமரித்த இடம். அவர்கள் படுத்த படுக்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது, அபராதம் கட்டப்பட்டுவிட்டது என்றா நினைத்திருப்பார்கள்? நம்ம புண் அவருக்கும் இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். கைவிடப்படுவதற்கும் அடியில் கடவுள் இறங்கியிருக்கிறார் என்பதை நான் இப்படித்தான் பிடித்துக்கொள்கிறேன். பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அந்த வசனம் சொல்லவில்லை; அதே 22-ஆம் சங்கீதம், அவர் தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்கவில்லை என்கிறது.

பாடுபடுகிற ஒருவரைப் பற்றிச் சொல்கிற ஏசாயா 53-ஆம் அதிகாரம் இன்னும் என்னை விடவில்லை. அவர் தேவனால் அடிபட்டவர் என்று நாம் “எண்ணினோம்” என்று நாலாம் வசனம் சொல்லும்போது, அப்பாடா, அது நம்முடைய எண்ணம்தானே என்று மூச்சு விடுவேன். பத்தாம் வசனத்துக்கு வந்தால், கர்த்தரோ அவரை நொறுக்கச் சித்தமானார் என்று இருக்கிறது. இதை என் அண்ணனின் ஹாலுக்குள் கொண்டுபோய் வைக்க என்னால் முடியவில்லை. அந்த வசனத்தை நீக்கிவிட்டுப் படிக்கவும் நான் தயாராக இல்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்போது பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறு பிள்ளைகளுக்குக் கதை எதுவும் சொல்வதில்லை. மாற்கு பதினைந்தாம் அதிகாரத்தை முழுவதும் மெதுவாக வாசிக்கிறேன், கேள்வி இருந்தால் கேளுங்கள் என்கிறேன், நேரமாகிவிட்டது என்று சொல்வதில்லை. அந்தப் பெண் வளர்ந்து வெளியூரில் படிக்கிறாள். போன மாதம் அவளுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன், உன் கேள்வி சரி, நான் சொன்ன கதைதான் தப்பு, அன்றைக்கே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று. அண்ணனைப் பற்றியும் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தாள், அண்ணனை விசாரித்திருந்தாள், அப்புறம் கடைசியில் ஒரு கேள்வி: “பக்கத்துல தொங்கினவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட பரதீசிலிருப்பாய்னு சொன்னார், சரி. இன்னொருத்தன் கடைசி வரைக்கும் திட்டிக்கிட்டேதான் இருந்தான். அவனுக்காகவும்தானா அக்கா?”

ஆமாம் என்று எழுதினேன். எழுதிவிட்டு அனுப்பாமல் வெகுநேரம் அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன், இதைச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம் என்று. பிறகு அனுப்பினேன்.